ஃபெங்லான் அண்ணி வாசலில் போட்ட கட்டை

ஃபெங்லான் அண்ணியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொன்னால் சொல்வேன். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்வேன். அவள் வீடும் என் மளிகைக் கடையும் ஒரே சந்தில் எதிரெதிரே இருக்கின்றன. அவள் வீட்டுக்கு யார் வருகிறார்கள், யார் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போகிறார்கள் என்பதெல்லாம் கல்லாவில் உட்கார்ந்தபடியே எனக்குத் தெரிந்துவிடும். நான் வேவு பார்க்கிற ஆள் இல்லை. கடை அப்படி அமைந்துவிட்டது, அதற்கு நான் என்ன செய்ய?

வருஷத்தின் கடைசி மாதம் பிறந்துவிட்டால் அண்ணிக்குக் கொம்பு முளைத்துவிடும். அடுப்புச் சாமியை மேலுலகத்துக்கு அனுப்பும் நாளில் அவர் நம் வீட்டுக் குற்றங்குறைகளைப் போட்டுக்கொடுக்காமல் இருக்க வாயில் ஒட்டுமிட்டாய் தடவுகிறோமே, அதை எவ்வளவு தடவ வேண்டும் என்று அவளைத்தான் கேட்பார்கள். எந்த நாளில் ஒட்டடை அடிப்பது, எந்த நாளில் தலைக்குக் குளிப்பது, சிவப்புத் தாளை எந்தப் பக்கக் கதவில் முதலில் ஒட்டுவது, எல்லாம் அவள் வாயிலிருந்து வரவேண்டும். வருஷம் பிறக்கிற முதல் நாள் பெருக்கக் கூடாது. தண்ணீரை வெளியே கொட்டக் கூடாது. கத்தரிக்கோலை எடுக்கக் கூடாது. கொதிக்கிற பானையில் கொழுக்கட்டை வாய் பிளந்துகொண்டால் 'வெடிச்சிருச்சு' என்று சொல்லவே கூடாது, 'சம்பாதிச்சிருச்சு' என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் லியூஹே ஊரைவிட்டு வெளியூரில் வேலைக்குப் போன பிள்ளைகள்கூட அங்கிருந்து போன் போட்டு அவளிடம் கேட்பார்கள். அவளும் சளைக்காமல் பதில் சொல்வாள். ஒரு வீட்டில் சாவு என்றால் முதலில் போய் நிற்பவளும் அவள்தான், ஒரு பிரசவம் என்றால் கோழியை உரித்துக்கொண்டு ஓடுபவளும் அவள்தான். இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

இவ்வளவையும் அவள் ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. பயந்து கற்றுக்கொண்டாள். மலைப்பக்கத்து ஏழை ஊரிலிருந்து லாவ் கே அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். வந்த முதல் வருஷப் பிறப்பன்று காலையில், முகம் கழுவிய தண்ணீரை வழக்கம்போல வாசலில் கொட்டிவிட்டாள். வீட்டுச் செல்வத்தையே கொட்டிவிட்டாள் என்று மாமியார்க்காரி, வருகிற போகிற விருந்தாளிகள் எல்லாரும் பார்க்கும்படி, அவளை காலி வாளியோடு கூடத்தில் நிற்க வைத்தாளாம். மதியம் வரைக்கும் நின்றாளாம். அப்போது நான் கல்யாணம் ஆகாத பெண். அவளுக்கு இந்த ஊரில் இருந்த ஒரே சிநேகிதி நான்தான். நிலக்கடலை உரித்துக்கொண்டே இதை என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அவள் கழுத்தெல்லாம் சிவந்துபோயிற்று. இனிமேல் ஒருத்தரும் என்னைக் கைநீட்டிப் பேசும்படி வைத்துக்கொள்ள மாட்டேன் என்றாள். அதைச் செய்தும் காட்டினாள்.

அந்தச் சிநேகிதிதான் பிறகு எனக்கு வேட்டு வைத்தாள். என் கல்யாணம் நிலைக்கவில்லை. குடிகாரனோடு மாரடித்து மாரடித்து அலுத்துப்போய், ஒரு குளிர்காலத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டேன். என் தம்பி மனைவி நேராக ஃபெங்லானிடம் ஓடினாள். வருஷக் கடைசி நாளில் முன்னோர்களைக் கல்லறையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்து, சுவரில் அவர்கள் படத்தைத் தொங்கவிட்டு, அவர்கள் வெளியே போகாமலும் கண்ட ஆவிகள் உள்ளே வராமலும் இருக்க வாசலில் குறுக்கே ஒரு கட்டையைப் போடுவது எங்கள் வழக்கம். கட்டிக்கொடுத்த பெண் அந்தப் படத்தைப் பார்க்கக் கூடாது, பிறந்த வீட்டு விளக்கை அன்றைக்குப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கூடப்பிறந்தவன் குடும்பத்துக்கு ஆகாது. முன்னோர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, புது வருஷத்து மூன்றாம் நாள்தான் பெண்கள் புருஷனோடு விருந்துக்கு வருவார்கள். சரி, புருஷனை விட்டுவிட்டு வந்தவளுக்கு என்ன முறை? அண்ணி யோசிக்கக்கூட இல்லையாம். கட்டிக்கொடுத்தவள் கட்டிக்கொடுத்தவள்தான் என்று சொல்லிவிட்டாள்.

அந்தக் கடைசி நாளை நான் டவுன் பஸ் நிலையத்துப் பெஞ்சில் கழித்தேன். கப் நூடுல்ஸில் சுடுதண்ணீர் ஊற்றிக்கொடுத்த காவலாளி, ஊருக்குப் போகலியா என்று கேட்டான். பஸ்ஸை விட்டுட்டேன் என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அப்புறம் மூடிக்கிடந்த உரக்கடையை வாங்கிக் கடை போட்டேன், பின்னாலேயே ஒரு அறை கட்டிக்கொண்டேன். என் வீட்டுச் சுவரில் முன்னோர் படம் கிடையாது. வாசலில் கட்டையும் கிடையாது. ஃபெங்லான் வந்தால் உப்பு, வினிகர், தீப்பெட்டி என்று எது வேண்டுமோ அதை மட்டும் கேட்பாள், நானும் எடுத்துக் கொடுப்பேன். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இல்லை.

அவள் மகள் யான்சியூவைக் கடலோரப் பட்டணத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை கார் வைத்திருந்தான். மூன்றாம் நாள் அந்தக் கார் சந்துக்குள் நுழைந்தால், மொத்தச் சந்தும் எட்டிப் பார்த்து முடிக்கிற வரைக்கும் அண்ணி வேலை இருப்பதுபோல உள்ளேயே நிற்பாள். அப்புறம்தான் வந்து கதவைத் திறப்பாள். அற்பச் சந்தோஷம்தான், ஆனால் யாருக்கு இல்லை?

போன வருஷத்துக்கு முந்தின இலையுதிர் காலத்தில் அந்தக் கல்யாணம் முறிந்துபோயிற்று. அதே பட்டணத்தில் வேலை பார்க்கிற நம்மூர்ப் பையன் ஒருத்தன் மூலமாகச் சேதி வந்துவிட்டது. ஊருக்கே தெரியும். அண்ணியிடம் முகத்துக்கு நேராகக் கேட்க மட்டும் யாருக்கும் துணிச்சல் இல்லை. அவளும் மாப்பிள்ளைக்கு இந்தத் தடவை லீவு கிடைக்குமோ கிடைக்காதோ என்று கடைக்கு வரும்போதெல்லாம் யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வினிகர் பாட்டிலைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். போதாக்குறைக்கு அவள் மருமகள் ச்சியாவ்லிங் அப்போது முழுகாமல் இருந்தாள். இரண்டு தடவை கலைந்து மூன்றாவதாகத் தங்கிய கரு. அதனால் அந்த வருஷம் அண்ணி ஒரு முறையையும் விட்டுக்கொடுக்கிற நிலைமையில் இல்லை.

கடைசி நாள் மதியத்துக்கு மேல், லாவ் கே அண்ணனும் மகன் வெய்தோங்கும் ஊதுபத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு கல்லறைப் பக்கமிருந்து முன்னோர்களை அழைத்து வந்தார்கள். படம் தொங்கியாயிற்று, பட்டாசு வெடித்தாயிற்று. அண்ணி வாசலில் கட்டையைக் குறுக்கே போட்டு, அது நேராகக் கிடக்கிறதா என்று காலால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் யான்சியூ சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு சந்துக்குள் வந்தாள்.

பக்கத்து வீட்டில் சோயாப் பாலில் தவ்ஃபூக் கட்டி போட்டு விற்கிற சாவ் மனைவி பசைச் சட்டியோடு கதவில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தாள். கூடவே இன்னும் இரண்டு பெண்கள். மூன்று பேரின் கையும் அப்படியே நின்றுவிட்டது. யான்சியூ அவர்களைப் பார்க்கவில்லை. வாசலுக்கு முன்னால் வந்து நின்று, மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் சந்து அத்தனை அமைதியாக இருந்ததால் எனக்கே கேட்டது.

"நான் தங்கியிருந்த விடுதிய லீவுக்கு மூடிட்டாங்கம்மா. தண்ணியக்கூட நிறுத்திட்டாங்க. எனக்கு வேற எடம் இல்ல."

சொல்லிவிட்டு, கட்டையைத் தாண்ட ஒரு காலைத் தூக்கினாள்.

தூக்கிய அந்தக் காலை அண்ணி பார்த்தாள், அவ்வளவுதான். பெண் காலைத் தரையில் வைத்துவிட்டாள். வெளியிலேயே வைத்துவிட்டாள். உள்ளே கூடத்தில் ச்சியாவ்லிங் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பது தெரிந்தது. அண்ணி ஒரு தடவை அவளைத் திரும்பிப் பார்த்தாள், ஒரு தடவை சாவ் மனைவியைப் பார்த்தாள். அப்புறம் ஒரு சிரிப்பு சிரித்தாள் பாருங்கள். சிரித்துக்கொண்டே, சந்து முழுக்கக் கேட்கும்படி என் கடையைப் பார்த்துக் கத்தினாள்.

"மெய்ச்சின்! இந்தா, உன்னத் தேடித்தான் ஆள் வந்திருக்கு! கடைக்கு ஒத்தாசையா வரச் சொன்னியாமே?"

பொய் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். சாவ் மனைவி பசைச் சட்டிக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள். யான்சியூ தன் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள், அவள் காது நுனி இரண்டும் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது.

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பஸ் நிலையத்துப் பெஞ்சு இன்னும் அங்கேதான் இருக்கு அண்ணி, காலியாத்தான் இருக்கும் என்று சொல்லியிருப்பேன். இத்தனை வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்ட வார்த்தை அது. சொல்லியிருந்தால் அவள் மானம் அந்த இடத்திலேயே கப்பலேறியிருக்கும். ஆனால் நடுவில் நின்ற பெண் யார்? அவள் மேலும்தானே அது விழும்? விழுங்கிக்கொண்டேன்.

"ஆமா, நான்தான் வரச் சொன்னேன். எத்தன மணிக்கு வரச் சொன்னா எத்தன மணிக்கு வர்ற? வா உள்ள, தலைக்கு மேல வேல கெடக்கு" என்று அதட்டினேன்.

பெட்டியின் சக்கரம் கல்லில் தடதடவென்று ஓடி என் வாசலுக்கு வந்தது. அண்ணி என்னைப் பார்க்கவில்லை. கட்டை நேராகத்தான் கிடந்தது, இருந்தும் குனிந்து மறுபடி அதைச் சரிசெய்தாள்.

யான்சியூ உள்ளே வந்து கோட்டைக் கழற்றி, கை கழுவிக்கொண்டு, கேட்காமலே மாவைப் பிசைய ஆரம்பித்தாள். நான் பன்றிக்கறியையும் முட்டைக்கோசையும் கொத்தினேன். வேண்டுமென்றே சத்தமாகக் கொத்தினேன், எனக்குள் அவ்வளவு கோபம். அம்மாவைத் திட்டாதீங்க அத்தை, ச்சியாவ்லிங் வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்றாள். நான் திட்டவே இல்லையே என்றேன். கத்தி திட்டுதே என்றாள்.

"எனக்கு வெக்கமா இருக்கு அத்தை. அம்மா தொரத்துனதுக்கு இல்ல. நான் போய் நின்னதால அம்மா அத்தன பேரு முன்னாடி பொய் சொல்ல வேண்டியதாப் போச்சே, அதுக்கு."

மாவை நன்றாகத் தேய் என்று மட்டும் சொன்னேன்.

கொழுக்கட்டைகளைக் கொதிநீரில் போட்டதும் ஒன்று வாய் பிளந்து, உள்ளே இருந்த கோசெல்லாம் மிதந்து வந்தது. 'சம்பாதிச்சிருச்சு' என்று அவள் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து அம்மாவிடம் கேட்டு வளர்ந்த வார்த்தை ஆயிற்றே. நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். நான் முதுகைத் தடவிக் கொடுக்கவில்லை. எனக்கு அதெல்லாம் வராது. அடுப்பைக் குறைத்துவிட்டு நின்றேன்.

விளக்கு வைத்த நேரத்துக்கு லாவ் கே அண்ணன் துண்டால் மூடிய ஒரு கிண்ணத்தோடு வந்தார். வினிகர் வாங்க வந்தேன் என்றார். கிண்ணத்தை மகள் முன்னால் வைத்தார். அவள் தட்டிலிருந்து ஒரே ஒரு கொழுக்கட்டையை எடுத்துத் தின்றார், நல்லா இருக்கு என்றார். வீட்டில் உன் அம்மா ஒன்றும் வாயில் வைக்கவில்லை என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். வினிகரை வாங்காமலே போனார்.

கடைக் கதவைச் சாத்தப் போனபோது பார்த்தேன். எதிர் வாசலில், கட்டைக்கு உட்புறம், அண்ணி நின்றுகொண்டிருந்தாள். மகள் பிறந்த வீட்டு விளக்கைப் பார்க்கக் கூடாது என்ற முறையைக் காப்பாற்றிவிட்டு, என் வீட்டு விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் கூனிக் குறுகி உள்ளே போய்விட்டாள். நியாயமாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் முன்னோர்களை அனுப்பினார்கள், கட்டையை எடுத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் சந்து முழுக்க மகள்களும் மருமகன்களுமாகக் கலகலவென்று இருந்தது. யான்சியூ தலை வாரி, நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, என் கடையிலேயே ஒரு பால் பெட்டியும் ஒரு கேக் பெட்டியும் எடுத்தாள். விருந்துக்கு வருகிற பெண்கள் கொண்டுபோவார்களே, அதே சிவப்புப் பெட்டிகள். காசு வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. எதிர்வீட்டுக்குப் போவதற்கு எதற்கு இதெல்லாம் என்றேன்.

"மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல அத்தை" என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

சந்தின் எதிர்ப்பக்கம் போய், திறந்து கிடந்த வாசலுக்கு வெளியே நின்றாள். கட்டை இல்லை, யாரும் தடுக்கவும் இல்லை. ஆனாலும் கூப்பிடுகிற வரைக்கும் நின்றாள். அண்ணி ஓடி வந்தாள். பெட்டிகளை வாங்கிக்கொண்டு, விருந்தாளிகளிடம் எல்லாரும் சொல்கிற வார்த்தையைச் சொன்னாள்: "எதுக்கு இதெல்லாம் செரமப்பட்டு?" சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது உறைத்திருக்க வேண்டும். பெட்டியைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. மகள் மரியாதையாக உள்ளே போய், மரியாதையாகச் சாப்பிட்டு, விருந்தாளிகள் கிளம்புகிற நேரத்துக்குச் சாயங்கால பஸ்ஸில் கிளம்பிவிட்டாள். ஒரு குறை சொல்ல முடியாது.

வசந்தத்தில் ச்சியாவ்லிங்குக்கு ஆண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. முறையைக் காப்பாற்றியதால்தான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அண்ணி அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

மறு வருஷம் கடைசி மாதம் வந்தது. அண்ணி உப்பு வாங்க நின்றபோது சாவ் மனைவி என் கடையிலேயே அவளைப் பிடித்துக்கொண்டாள். தன் நாத்தனாரும் புருஷனோடு ஒத்துப்போகாமல் வந்துவிட்டாளாம். கடைசி நாளில் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா, என்ன முறை என்று கேட்டாள். அண்ணி உப்புப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது, அந்தக் காலத்தில் கடலை உரிக்கும்போது சிவந்ததே, அதே மாதிரி.

"எனக்குத் தெரியாது" என்றாள். "மெய்ச்சினக் கேளு."

இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து அவள் வாயில் தெரியாது என்ற வார்த்தையை நான் கேட்டதே இல்லை. அவள் என் முன்னால் தலைகுனிய வேண்டும் என்று எத்தனை நாள் ஆசைப்பட்டிருக்கிறேன். குனிந்தபோது எனக்குப் பார்க்க முடியவில்லை. சாவ் மனைவியிடம், நாத்தனாரை உள்ளே கூப்பிட்டு வயிறாரச் சோறு போடு, அதுதான் முறை என்று எரிந்து விழுந்தேன்.

ஆள் போன பிறகும் அண்ணி நின்றாள். இந்த வருஷம் வாசலில் கட்டை போடப் போவதில்லை, அதை யான்சியூவிடம் நீ சொல்லிவிடு என்றாள்.

"நான் சொல்ல மாட்டேன் அண்ணி. அது உங்க வாயில இருந்துதான் வரணும்" என்று போனை அவள் பக்கம் தள்ளினேன்.

போட்டாள். மகள் எடுத்தாள். அங்கே குளிர் எப்படி என்று அண்ணி கேட்டாள், சாப்பிட்டாயா என்று கேட்டாள், பஸ் எல்லாம் ஓடுகிறதா என்று கேட்டாள். குழந்தைக்குப் பல் முளைத்ததைச் சொன்னாள். வா என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை. வைத்துவிட்டு, வெட்கத்தில் என் முகத்தைப் பார்க்காமல், உப்பையும் எடுக்க மறந்து போய்விட்டாள்.

கடைசி நாள் மதியத்துக்கு மேல் முன்னோர்கள் வந்தார்கள், பட்டாசு வெடித்தது. கட்டை உள்சுவரில் சாய்ந்தே இருந்தது. லாவ் கே அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, ஊதுபத்தியைப் படத்துக்கு முன்னால் செருகப் போனார். டவுன் பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டதும் அண்ணி திறந்த வாசலுக்கு வந்து நின்றாள். சந்து முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் கிளம்பிப் போன பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள். முறை தெரிந்த பெண், மூன்றாம் நாள்தான் வருவாள்.

இருட்டத் தொடங்கியபோது துண்டால் மூடிய கிண்ணத்தோடு அண்ணி என் கடை வாசலில் நின்றாள். உள்ளே வாங்க என்றேன். என் அறைக்குள் அவள் அதுவரை கால் வைத்ததில்லை. மேஜையையும் இரண்டு நாற்காலிகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அன்னிக்கு அவ எதுல உக்காந்தா?"

அடுப்புப் பக்கத்து நாற்காலியைக் காட்டினேன். அவள் அதில் உட்காரவில்லை. கிண்ணத்தை அதற்கு முன்னால் வைத்து, துண்டை எடுத்து, பக்கத்தில் சாப்பிடும் குச்சிகளை நேராக வைத்தாள். நான் போய் வினிகரை எடுத்து வந்தேன்.